போட்டியில் இல்லை, போட்டோவில்

எங்கள் கந்தோரில் எல்லாரையும் விட நான்தான் உயரம். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அலுமாரிக்கு மேலே கிடக்கும் பழைய கோவைகளை எடுக்க வேண்டுமென்றால் யாரும் ஸ்டூலைத் தேட மாட்டார்கள், என்னைத் தேடுவார்கள். கண்டி நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்த நாளிலிருந்து இந்த உயரத்தால் எனக்குக் கிடைத்தது தூசியும் தும்மலும்தான். ஆகவே, வருடாந்த விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பிரிவின் வலைப்பந்து அணியில் ஓர் ஆள் குறைந்தபோது எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பந்தை வளையத்தில் போட வேண்டிய பெண் பிரசவ லீவில் போயிருந்தாள்.

"எனக்கு நாற்பத்தாறு வயசு," என்றேன்.

எங்கள் பிரிவுத் தலைவியை நாங்கள் மேடம் என்போம். சிங்களப் பெண்மணி. எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். "அதுக்கென்ன?" என்றார். "அலுமாரி மேல ஃபைல் வைக்கிற மாதிரி, போலை அந்த வளையத்துல வைங்க. அவ்வளவுதானே?"

அணித்தலைவி யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த பிள்ளை. முப்பது வயதுகூட இராது. என் மேசையருகே வந்து குனிந்து, இரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அக்கா, நீங்கள் ஓடவே தேவையில்லை. வளையத்துக்குக் கீழ நிண்டால் காணும். ஓடுற வேலையை நாங்கள் பாக்கிறம்."

மறுப்பதற்குத் திறந்த வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. ஆசை இல்லாமல் இல்லை. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நானும் வலைப்பந்து ஆடியவள்தான். அந்த மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். பந்து தவறினால் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். பாதி நேரம் விளையாட்டு, பாதி நேரம் பந்து தேடல். கல்யாணமாகிக் கண்டியில் மஹய்யாவவுக்கு வந்த பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் தவிர வேறு எதற்குப் பின்னாலும் நான் ஓடியதில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் அக்குறணையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். வாயில் வைத்த சோற்றை விழுங்கிவிட்டு, நிதானமாகத் தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் சிரிக்கத் தொடங்கினார்.

"நீயா? போல் பின்னால நீ ஓடுவியா?"

"ஓட வேணாமாம். நின்னா போதுமாம்."

"அப்படின்னா சரி. நிக்கிறதுல ஒன்ன யாரும் ஜெயிக்க முடியாது. பேங்க்ல கெஷியர் முன்னால நிப்ப, கோயில்ல நிப்ப, பக்கத்து வீட்டு வாசல்ல பேச நின்னா நாள் முழுக்க நிப்ப."

பேராதனையில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் என் மகள் மட்டும் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டாள். உடுப்புக் கூடையின் அடிப்பகுதி ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது. அதைக் கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, "இதுதான் வளையம், போடுங்கம்மா," என்றாள். சாயங்காலங்களில் வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, பந்தைப் போட்டுப் பழகினேன். பந்து ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சமையல்கட்டுக்குள் போய் விழுந்தது. அந்த வீட்டு அக்கா பந்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு தட்டு வடையும் தந்தார். இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவருகிறது என்று எனக்குத் தோன்றியது.

போட்டி நாள் வந்தது. எதிரணியைப் பார்த்ததுமே எங்கள் அணித்தலைவியின் முகம் மாறிவிட்டது. எல்லாரும் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட பிள்ளைகள். பள்ளிக்கூடத்து வியர்வை இன்னும் காயாதவர்கள். என்னைத் தடுக்க நின்ற பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். "அன்ட்டி, தண்ணி வேணுமா?" என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அன்பாகக் கேட்டாள்.

ஆட்டம் பார்க்க வந்து, எங்கள் பக்கம் விழுந்த கோல்களை எண்ணிக்கொண்டிருந்த மகள் பாதியிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எனக்குப் பந்து வந்ததே நாலைந்து தடவைதான். ஒரு தடவை மட்டும், அணித்தலைவி எங்கிருந்தோ பாய்ந்து வந்து பந்தை என் கைகளுக்குள் திணித்து, "போடுங்கோ அக்கா!" என்று கத்தினாள். போட்டேன். பந்து வளையத்தின் விளிம்பில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து, யோசித்து, உள்ளே போனது. மேடம் தன் குடையைத் தூக்கி ஆட்டினார். எதிரணிப் பிள்ளைகூடக் கைதட்டினாள். அந்த ஒரு கோலின் சந்தோஷம் எனக்கு வீட்டுக் கடன் அங்கீகாரமான நாளிலும் வந்ததில்லை.

ஆட்டம் முடிந்தது. தோற்றோம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது முழுக்க இதைப் பற்றிய தர்க்கம்தான்.

"போட்டோ எடுப்போம்," என்றார் மேடம். கந்தோர் வாகனத்தின் சாரதிதான் படப்பிடிப்பாளர். முன்வரிசை உட்கார வேண்டும், பின்வரிசை நீண்ட மர வாங்கின் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நான் நிலத்தில் நின்றாலே வாங்கில் ஏறியவர்களின் உயரத்துக்கு வருவேன். ஆனால் ஒரு கோல் போட்டவளுக்கு அந்த நேரத்தில் பணிவு வராது. ஏறினேன், வாங்கின் ஒரு ஓரத்தில். மறு ஓரத்தில் நின்றவள், தன் கைப்பை போட்டோவில் விழக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அதைக் கீழே வைக்க இறங்கினாள். அவள் இறங்க, அந்தப் பக்கம் மேலே எழும்பியது. இந்தப் பக்கம் நான் போன வேகத்தை விவரிக்கத் தேவையில்லை. கணுக்கால் ஒரு பக்கம் மடங்க, உடம்பு மறு பக்கம் விழுந்தது.

"அனே அம்மே!" என்று மேடம் கத்தியது கேட்டது. அதற்கு முன்பே சாரதி பொத்தானை அழுத்திவிட்டார்.

கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. ஐஸ் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஐஸ்தான் இல்லை. மைதான வாசலில் சின்ன உறைகளில் அடைத்த ஐஸ் பக்கெட் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஓடி, ஒரு கை நிறைய வாங்கி வந்து காலைச் சுற்றி அடுக்கி, துவாயால் கட்டினார்கள். எல்லாம் தோடம்பழச் சுவை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும் வழியில் ஒவ்வொன்றாக உருகி வழிந்தது.

டொக்டர் இளம் பெண். துவாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "இந்த ஒரேஞ்ச் நிறம் என்ன மருந்து? நாட்டு வைத்தியமா?"

"ஐஸ் பக்கெட், டொக்டர்," என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அணித்தலைவி முந்திக்கொண்டாள். "மட்ச்சிலைதான் டொக்டர். அக்கா எங்கட ஷூட்டர்." அதைச் சொன்ன விதத்தில் இருந்த பெருமையில் எனக்கு வலி பாதி குறைந்தது.

"இல்ல டொக்டர்," என்றாள் என் மகள். "போட்டோவுல."

எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது, வீக்கம் இறங்கும் வரை காலை நிலத்தில் ஊன்றக்கூடாது, சில கிழமைக்கு வேலைக்கும் போகக்கூடாது என்றார்கள். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அணித்தலைவி விளையாட்டு உடையோடேயே கடைசிவரை நின்று, எங்களை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, "நாளைக்கு வாறன் அக்கா," என்று சொல்லிப் போனாள்.

எங்கள் வீடு இருப்பது மேட்டில். ஓட்டோ சந்துக்குக் கீழேயே நின்றுவிடும், அதற்கு மேல் படிகள்தான். அன்றாடம் இறங்கி ஏறுபவளுக்கு அந்தப் படிகள் கண்ணில் பட்டதே இல்லை. அன்று கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தபோது வானம் வரை போவதுபோல இருந்தது. செய்தி கேட்டு அக்குறணையிலிருந்து பஸ் பிடித்து வந்த கணவர், என்னைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். என்னைத் தூக்குவது என்ற பேச்சே எழாதபடி மெதுவாகத் தன் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

சந்து முனைக் கடை வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து, குளித்து, சுத்தமாக உடுத்திருந்தவர்கள். அவர்களை எனக்கு முகத்தளவில்தான் தெரியும். காலையில் இறங்கி இருட்டில் ஏறுகிற எனக்கு இந்த ஊரில் பலரை முகத்தளவில்தான் தெரியும். ஒருவர் கடைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்தார்.

"ஒக்காருங்க அக்கா. நாங்க இருக்கோம்ல."

நாலு பேர் நாலு காலைப் பிடித்தார்கள். நான் மேலே எழும்பினேன். படியேற ஏற, இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. வடை தந்த அக்கா வாசலில் நின்று, இரண்டு கையையும் கூப்பி, "சாமி வருது, வழி விடுங்க!" என்றார். யாரோ ஒரு சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டத் தொடங்கினார்கள். கணவர் முன்னால் நடந்தார், காலிலிருந்து கழற்றிய என் ஒற்றைச் சப்பாத்தைக் கையில் ஏந்திக்கொண்டு. அது வேறு, பூசைத் தட்டு கொண்டுபோகிற மாதிரி இருந்தது. பின்னால் என் மகள் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பாதிவழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "ரொம்ப கனமா தம்பி?" என்று கேட்டேன், வெட்கத்தோடு.

"கனம் ஒன்னும் இல்லக்கா. நீங்க சிரிக்கிறீங்கள்ல, அதுலதான் கதிர ஆடுது."

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. காலுக்காக இல்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்காமல், வெறும் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆள் வரத்து. வந்தவர்கள் எல்லாரும் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். அணித்தலைவி சொன்னபடி வந்து, அம்மா ஊரிலிருந்து அனுப்பியது என்று நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றைத் தந்தாள். மேடம் கறுப்பாக ஏதோ பச்சிலை எண்ணெயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தார். கருப்பட்டி எதற்கு என்று கேட்டேன். "எண்ணெய் மணக்கும்போது வாயில போட்டுக்கங்க," என்றார். எண்ணெயின் மணம் அப்படி.

வந்தவர்களிடம் நான், "வலைப்பந்து விளையாடும்போது..." என்று தொடங்குவேன். சமையல்கட்டுக்குள்ளிருந்து கணவரின் குரல் வரும்: "போட்டியில இல்லைங்க, போட்டோவுல!"

சமையல்கட்டுக்குள் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்காக ஒரு கிழமை லீவு எடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பை அவர் அணைத்ததுண்டு, பற்றவைத்ததில்லை. முதல் நாள் சோறு கஞ்சியானது. இரண்டாம் நாள் கஞ்சி வைக்கலாம் என்று முடிவெடுத்தபோது அது சோறாகிவிட்டது. பருப்பில் உப்பு இல்லை என்று சொன்னால் மனசு நோகும் என்று நானும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டோம். கடைசியில் அவரே ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன் புள்ள, உப்பு இல்லன்னு சொல்ல மாட்டீங்களா? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?" என்றார்.

பிறகு கிளினிக்கில் எனக்கு ஒரு பயிற்சி சொல்லித்தந்தார்கள். வீக்கம் இறங்கியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் கொஞ்ச நேரம் நிற்கப் பழக வேண்டும். எனக்குப் பயம்.

"இதுல என்ன பயம்?" என்றார் கணவர். "இங்க பாரு."

ஒரு காலைத் தூக்கினார். நின்றார். நன்றாகத்தான் நின்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "கண்ண மூடிக்கிட்டும் நிப்பேன்," என்றார். கண்ணை மூடினார். அடுத்த கணம் ஜன்னல் திரையைப் பிடித்தார். திரை அவரைப் பிடிக்கவில்லை. திரையும் கம்பியும் அவரும் சேர்ந்து கீழே வந்தபோது வலது கையை ஊன்றிவிட்டார்.

அதே ஆஸ்பத்திரி. அதே இளம் டொக்டர். முறிவு இல்லை, மணிக்கட்டில் சுளுக்கு. "நீங்களும் நெட்போலா?" என்று கேட்டாராம். கூடப்போன மகள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய கடை முதலாளி எங்களைப் பார்க்க வந்தார். அக்குறணையிலிருந்து, ஜும்ஆ தொழுகை முடித்த கையோடு, மனைவி வைத்துக் கொடுத்த கோழி சூப்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு. அவ்வளவு படியையும் ஏறி, மூச்சிரைக்க வாசலில் நின்று, என் காலைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய கட்டோடு கதவைத் திறந்துவிட்ட என் கணவரைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? ஒங்கட காலப் பாக்க வந்தா, இவருட கையும் போயிட்டா? நீங்க ரெண்டு பேரும் சண்ட கிண்ட பிடிச்சா?"

"இல்லைங்க முதலாளி," என்றேன். "எனக்குப் பயிற்சி சொல்லித் தந்தாரு."

அவர் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது என் கணவரின் தோளில் கைவைத்து, "கை நல்லா சொகமாகினாப் பொறகு வாங்க. கட ஓடிப் போகாது. ரெண்டு பேருக்கும் அல்லாஹ் சொகத்தத் தரட்டும்," என்றார். தூக்குச்சட்டி காலியாகியும் அதைத் திருப்பிக் கேட்டு அனுப்பவில்லை. மறு கிழமை இன்னொரு சட்டி வந்தது, நிறைய.

ஆக, என்னிடம் இரண்டு கையும் ஒரு காலும், அவரிடம் இரண்டு காலும் ஒரு கையும். மகள் காலையில் பேராதனைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் சமையல்கட்டு வாசலில் கதிரை போட்டு, இன்னொரு கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன், காய் வெட்டுவேன், தேங்காய் திருவுவேன். அவர் இடது கையால் சட்டியைக் கிளறுவார். "இப்ப மஞ்சள்," என்பேன். டப்பாவைக் கொண்டுவந்து என் முன் நீட்டுவார், நான் மூடியைத் திறந்து தருவேன். ஒரு ரசம் வைக்க இரண்டு பேர் முழுதாகத் தேவைப்பட்டார்கள்.

அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது, நாங்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி எவ்வளவு காலமாகிவிட்டது என்று. காலையில் ஒருவர் கண்டி டவுனுக்கு, ஒருவர் மாத்தளை ரோட்டில் அக்குறணைக்கு. இரவில் சோறு, செய்தி, தூக்கம். அவருக்கு நெற்றியோரம் இவ்வளவு நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் "ஆணி" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த ஆணி என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதைச் சொன்னார். நான் அந்த ஒரு கோலை மறுபடி மறுபடி சொன்னேன். அவர் பார்க்காத கோல் அது. ஒவ்வொரு தடவையும், அடுத்து என்ன நடந்தது என்று தெரியாதவர்போலக் கேட்டார்.

மூன்றாம் கிழமை கந்தோர் அணி முழுதும் வந்தது, சட்டம் போட்ட போட்டோவோடு. பிரித்துப் பார்த்தேன். எல்லாரும் அழகாகச் சிரிக்கிறார்கள். வலப்பக்க ஓரத்தில் அகலத் திறந்த வாயோடு நான், பாதி ஆகாயத்தில், இரண்டு கைகளையும் விரித்து. எதையோ பாய்ந்து பிடிக்கப் போகிறவள்போல இருந்தேன்.

"பாருங்கோ அக்கா," என்றாள் அணித்தலைவி. "பாக்கிறவை மட்ச்சிலை எடுத்த படம் எண்டுதான் நினைப்பினம்."

கைப்பையை வைக்க இறங்கிய பெண் கதவோரம் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தேன். "நீ இறங்கலேன்னா எனக்கு ஏது இந்த லீவு?" என்றேன். முதலில் அவள்தான் சிரித்தாள், பிறகு எல்லாரும். கணவர் ஒற்றைக் கையால் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். பாதி சோசரில், பாதி கோப்பையில். ஆனாலும் சீனி சரியாக இருந்தது. மேடம் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

படம் இப்போது எங்கள் முன்னறைச் சுவரில், விழுந்த திரையைத் திரும்ப மாட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் படியிறங்கும்போது கதிரை தூக்கியவர்களில் ஒருவர் எதிரே வந்தார். "அக்கா, நடக்கிறீங்களே! எங்களுக்கு வேல இல்லாமப் போச்சு," என்றார். இப்போது அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, மனைவிக்கு எந்த ஊர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கீழே போய்ச் சேர வழக்கத்தை விட நேரமாகிறது. நின்று பேசுவதில்தான் நேரம் போகிறது, கால் குற்றமில்லை.

கால் பலப்பட நடப்பது நல்லது என்று கிளினிக்கில் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறோம். மரங்களுக்கடியில் பனி இன்னும் கலையாமல் இருக்கும். புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகையிலிருந்து பூசை மேளம் தண்ணீர் மேல் வரும். எங்களைத் தாண்டி இளவட்டங்கள் ஓடும். பெரிய மீன்களுக்குப் பொரி போடுகிறவர்களைப் பார்க்க அவர் நின்றால் நானும் நிற்பேன்.

போன ஞாயிறு அவர் மிக மெதுவாக நடந்தார். எனக்கு மனசு இளகிப்போனது.

"எனக்காக இவ்வளவு மெதுவா நடக்க வேணாங்க," என்றேன். "கால் இப்ப நல்லாத்தான் இருக்கு."

"ஒனக்காக யாரு நடந்தா?" என்றார். "எனக்கு மூச்சு வாங்குது புள்ள. கொஞ்சம் ஒக்காருவோம்."

வாவிக் கரைக் கட்டில் உட்கார்ந்தோம். கொண்டுபோன சுடுதண்ணிப் போத்தலிலிருந்து பிளேன் டீயை மூடியில் ஊற்றித் தந்தேன். இப்போது கை சுகமாகிவிட்டதால் சிந்தாமல் வாங்கிக்கொண்டார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என் பக்கம் நீட்டினார். சூடாகவே இருந்தது.